தோசைக்கல்லில் சுட்ட கோழியும் ஒரு கிண்ணச் சோறும்

வாசகர் கேள்வி–பதில்: சமையல்

ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளின் பாணியில் கோழியைச் சுட்டுச் சோற்றின் மேல் அடுக்கி, பக்கத்தில் கொஞ்சம் பச்சைக் காய்கறியும் வைத்து ஒரே கிண்ணத்தில் சாப்பிடும் ‘ரைஸ் பௌல்’ உணவைப் பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு இரவில் சமைப்பவர்கள் என்பதால், அவர்களுக்கு இருக்கும் நேரத்தையும் இடத்தையும் மனத்தில் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: இரவு எட்டேகால் மணிக்குத்தான் லோக்கல் ரயிலை விட்டிறங்கி வீடு வந்து சேர்கிறேன். ஒன்பது மணிக்குள் நான்கு பேர் சாப்பிட உட்கார வேண்டும். குழம்பு, பொரியல் என்று தனித்தனியாகச் செய்ய இயலாத நாள்களுக்கு ஏற்ற எளிய முறை ஒன்றை முழுமையாகச் சொல்ல முடியுமா?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: முடியும். ஆனால் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். எலும்பு நீக்கிய தொடைக்கறி 600 கிராம் வாங்கி, தடிப்பான இடங்களைக் கத்தியால் லேசாகக் கீறி, எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் இருக்கும்படி விரித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும் தடவி, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். இஞ்சியை இப்போது சேர்க்க வேண்டாம். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பத்து மணி நேரம் அதில் ஊறிய கோழியின் மேற்பரப்பு கூழாகிவிடும். பப்பாளிக்காய், அன்னாசி இரண்டுக்கும் இதே குணம் உண்டு.

இரவு வீட்டுக்குள் நுழைந்தவுடன் முதல் வேலையாக இரண்டு கோப்பை அரிசியைக் கழுவி ஊறவைத்து, கோழியை வெளியே எடுத்து, சுத்தமான துணியாலோ காகிதத் துண்டாலோ அதன் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளரிக்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்துப் பிசிறி ஓரமாக வையுங்கள். சாப்பிடும் நேரத்துக்குள் அது தானாகவே பதமாகிவிடும். அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு, சிறிய வாணலியில் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் நான்கு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு இரண்டு பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். குலாப் ஜாமூனுக்கு வைக்கும் பாகைப்போல விரலில் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் இறுகிப்போகும்.

இனி, தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் பரப்பி, கோழித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் நல்ல பழுப்பு நிறம் ஏறியதும் தானாகவே கல்லை விட்டு விலகும்; அப்போது திருப்பிப் போட்டு, தீயைச் சற்றுக் குறைத்து இன்னும் நான்கு நிமிடம் வேகவிட வேண்டும். வெந்த துண்டுகளைச் சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, மெல்லிய தீயில் ஒரு நிமிடம் புரட்டி இறக்கி, சற்று ஆறவிட்ட பிறகு விரல் அகலத்துக்கு நறுக்கிச் சோற்றின் மேல் அடுக்கி, வாணலியில் எஞ்சிய சாஸை ஊற்றி, வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும் தூவினால் முடிந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை செய்து கை பழகிவிட்டால் நாற்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: கோழியைச் சோயா சாஸ், தேன், இஞ்சி, பூண்டு எல்லாம் சேர்த்து முதல் நாள் இரவே ஊறவைத்துச் சுடுகிறேன். வெளிப்புறம் கரியாகிறது, உள்ளே இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. தீயைக் குறைத்தாலோ தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்த கோழியாகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகர், செம்பூர்

பதில்: தேனை முதலிலேயே சேர்ப்பதுதான் கரிவதற்குக் காரணம், ஈரத்தோடு கல்லில் போடுவதுதான் தண்ணீர் விடுவதற்குக் காரணம். இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதால் தீயை மட்டும் கூட்டியும் குறைத்தும் தீர்க்க முடியாது.

சுட்ட இறைச்சிக்கு அதன் நிறத்தையும் மணத்தையும் தருவது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிகழ்த்தும் வினை. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. இந்த வினை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். ஆனால் இறைச்சியின் மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை, அது ஆவியாகி முடியும்வரை, அந்தப் பரப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஊறவைத்த சாஸ் சொட்டச் சொட்டக் கல்லில் விழும் கோழி முதல் சில நிமிடங்களைத் தண்ணீரை விரட்டுவதிலேயே கழிக்கிறது. அதற்குள் கல்லும் சூடு தணிந்துவிடுகிறது. ஒற்றி எடுப்பதை இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

தேனின் கதை இதற்கு நேர்மாறானது. தேனில் மிகுந்திருக்கும் ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். நாம் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரை 160 டிகிரி வரை தாங்கும். கோழியின் நடுப்பகுதி வேக ஒன்பது பத்து நிமிடம் வேண்டியிருக்கும்போது, தேன் மூன்றாவது நிமிடத்திலேயே கருகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இனிப்பு எதுவாக இருந்தாலும், தேனோ வெல்லமோ சர்க்கரையோ, கோழி வெந்த பிறகே அதனோடு சேர வேண்டும். ஜப்பானில் கோழித் துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கரியில் சுடும் யாகிடோரிக் கடைகளிலும், சாஸில் தோய்த்துச் சுடும் வகைக்கு முதலில் கோழியைப் பாதிக்கு மேல் சுட்டபின்தான் சாஸ் பானையில் தோய்த்து மீண்டும் நெருப்பில் காட்டுகிறார்கள். ஊறவைப்பதற்கு உப்புச் சுவை போதும்; இனிப்பு கடைசியில் வரட்டும்.

கேள்வி: தோசைக்கல்லில் கோழியை வைக்க என் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார். கோடு போட்ட கிரில் பேன் ஒன்று வாங்கிவிடலாமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் நானும் இருக்கிறேன். பல ஆண்டுகள் பழகிய தோசைக்கல்லில் கோழிக்கொழுப்பும் மணமும் ஏறினால் மறுநாள் காலைத் தோசை அதைக் காட்டிக்கொடுக்கும். சர்க்கரையும் வினிகரும் கலந்த சாஸ் பட்டால் கல்லின் எண்ணெய்ப் பழக்கமும் போய்விடும். மேலே கோழியைச் சாஸ் வாணலிக்கு மாற்றச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே கோழிக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது கோடு போட்டதாக இருக்க வேண்டியதில்லை. கோடுகள் படத்துக்கு அழகு; இறைச்சியோ அந்தக் கோடுகளில் மட்டும்தான் இரும்பைத் தொடுகிறது, இடைப்பட்ட இடங்கள் வெளிறியே நிற்கின்றன. கழுவுவதும் பெரும்பாடு. பாத்திரக் கடையில் ‘லோகண்டி தவா’ என்று கேட்டால் கிடைக்கும் கனமான, லேசாகக் குழிந்த இரும்புத் தவா இதைவிட நன்றாக வேலை செய்யும். குழிவு இருப்பதால் கொழுப்பு அடுப்பில் வழியாது. நான்-ஸ்டிக் தவாவை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் பூச்சு ஏறக்குறைய 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் தவாவை அதிகத் தீயில் சில நிமிடம் காயவிட்டாலே அந்த வெப்பத்தை எட்டிவிடலாம்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் அறை, கூடம், சமையலறை என்று அடங்கிவிடும் நம் வீடுகளில் கோழி சுடும்போது சன்னலைத் திறந்து, துவைத்துக் காயப்போட்ட துணிகளை முதலில் அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

கேள்வி: ஏர் ஃபிரையரில் செய்யலாமா?
– வாசகர், பவாய்

பதில்: செய்யலாம். 200 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். சாஸைக் கடைசி மூன்று நிமிடத்தில் தூரிகையால் தடவினால் போதும். இரும்பில் கிடைக்கும் அளவுக்கு நிறம் வராது என்றாலும், புகை இல்லை, நின்று பார்க்க வேண்டியதில்லை என்ற இரண்டு வசதிகளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கேள்வி: ஆரோக்கியம் கருதி நெஞ்சுக்கறிதான் வாங்குகிறோம். ஆனால் சுட்டால் நார் நாராக வறண்டுவிடுகிறது. கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது, எப்போது வெந்தது என்று எப்படி அறிவது?
– வாசகி, சயான்

பதில்: நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு; வெந்து முடிந்த பிறகு இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் வறண்டுவிடும். தொடைக்கறியில் இருக்கும் இணைப்புத் திசு சூட்டில் இளகிக் கூழ்போலாகிக் கறியை ஈரமாக வைத்திருக்கும் என்பதால் அது நம் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். களைத்துப்போய் வந்து சமைக்கும் இரவில் நமக்கு வேண்டியது அந்தப் பொறுமைதான். கடையில் ‘லெக் போன்லெஸ்’ என்று கேளுங்கள். குழம்புக்கு வெட்டும் எலும்புத் துண்டுகள் இதற்கு ஆகாது. ‘போன்லெஸ்’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் நெஞ்சுக்கறியைத்தான் கொடுப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் தோலை உரித்தே தருவது வழக்கம். தோல் வேண்டுமென்றால் கோழியை உரிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தோல் இருந்தால் எண்ணெயே வேண்டாம், தோல் பக்கத்தை முதலில் கல்லில் வைத்தால் அதன் கொழுப்பே போதும்.

நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால், அதைக் கிடைமட்டமாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அல்லது மூன்று நிமிடத்துக்கு மேல் சுடாதீர்கள். எந்தக் கறியானாலும் மிகத் தடிப்பான இடத்தின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டினால் பாதுகாப்பாக வெந்துவிட்டது. கையடக்கமான சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த ஐயமே எழாது. தொடைக்கறி 80 டிகிரியைத் தாண்டினாலும் கெட்டுப்போகாது, சொல்லப்போனால் இன்னும் மென்மையாகும்.

கேள்வி: ஜப்பானிய அரிசி விலை கட்டுப்படியாகவில்லை. பாஸ்மதியில் செய்தால் சோறு உதிர்ந்து, சாஸ் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடுகிறது. புழுங்கலரிசியும் ஒட்டவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், முலுண்டு

பதில்: உண்டு, அதுவும் உங்களுக்குப் பக்கத்திலேயே விளைகிறது. லோணாவளாவை ஒட்டிய மாவள் வட்டாரத்தில் பயிராகும் இந்திராயணி அரிசி மராட்டியர் வீடுகளில் அன்றாடம் புழங்குவது. வேகவைத்தால் மணமாகவும், பருக்கை உடையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பதத்திலும் இருக்கும். அளவான ஒட்டுதல் இருந்தால்தான் சோறு சாஸைத் தாங்கும். ஜப்பானிய அரிசிக்கு அதுவே ஈடு என்று சொல்ல மாட்டேன்; ஜப்பானிய அரிசியின் பளபளப்பு இதில் இல்லை, இதன் மணம் அதில் இல்லை. ஆனால் வாரநாள் இரவுக்கு இதைவிடப் பொருத்தமான அரிசியை மும்பையில் தேட வேண்டியதில்லை. அம்பேமோஹர் கிடைத்தால் அதுவும் நன்று. சற்றுக் குழைவாக வரும். சோனா மசூரிப் பச்சரிசி மூன்றாம் இடத்தில் வைக்கத் தகும்.

புழுங்கலரிசி ஒட்டாததற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நெல்லை அவித்து உலர்த்தும்போது அரிசியின் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால், பிறகு வேகவைக்கும்போது மாவு அவ்வளவாக வெளியேறுவதில்லை. சாம்பாருக்கும் ரசத்துக்கும் அந்தக் குணம்தான் வேண்டும், இங்கே வேண்டாம்.

இந்திராயணியை இரண்டு மூன்று முறை கழுவி, இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரு கோப்பைக்கு ஒன்றே முக்கால் கோப்பை தண்ணீர் வைத்து, குக்கரில் இரண்டு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விடுங்கள். புதிய அரிசியாக இருந்தால் தண்ணீரைக் கால் கோப்பை குறைத்துக்கொள்ள வேண்டும். கஞ்சியை வடிக்கக் கூடாது. ஒட்டுவதற்கு வேண்டிய மாவெல்லாம் அதோடு போய்விடும்.

கேள்வி: பெரும்பாலான செய்முறைகளில் மிரின், சாகே என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் மதுவைச் சமையலிலும் சேர்ப்பதில்லை. விட்டுவிட்டால் சுவை குறையுமா?
– வாசகி, வாஷி

பதில்: வேறுபாடு இருக்கும், குறை என்று தோன்றாது. உண்மையான மிரினில் ஏறக்குறைய 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. அதன் பங்கு பெரும்பாலும் இனிப்பும் பளபளப்பும்தான். ஒரு மேசைக்கரண்டி மிரினுக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, சில துளி வினிகர் சேர்த்தால் இரண்டும் கிடைத்துவிடும். சாகேவுக்கு ஈடாக எதையும் தேட வேண்டாம்.

மது வேண்டாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜப்பானை விட்டு இந்தோனேசியாவுக்குப் போவதைத்தான். அங்கே ‘அயாம் பாக்கார்’ எனப்படும் சுட்ட கோழிக்கு ‘கெச்சாப் மானிஸ்’ என்ற கெட்டியான இனிப்புச் சோயா சாஸைத் தடவுகிறார்கள். சோயா சாஸோடு பனைவகை மரங்களின் வெல்லத்தைச் சேர்த்துக் காய்ச்சுவது அது. மதுவுக்கு அதில் வேலையே இல்லை. தூத்துக்குடியிலிருந்தோ உடன்குடியிலிருந்தோ ஊருக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த கருப்பட்டி உங்கள் வீட்டு டப்பாவில் இருந்தால், சோயா சாஸும் பொடித்த கருப்பட்டியும் சம அளவு எடுத்து, கொஞ்சம் தண்ணீரும் ஓர் அன்னாசிப்பூவும் ஒரு துண்டு இஞ்சியும் போட்டுக் காய்ச்சி வடிகட்டிவிடுங்கள். கருப்பட்டியில் சில சமயம் மண் இருக்கும் என்பதால் வடிகட்டுவதை விட்டுவிடக் கூடாது. கருப்பட்டி இல்லையென்றால் கோலாப்பூர் வெல்லம் போதும். புகை மணம் மட்டும் இராது.

கேள்வி: செய்முறையில் ‘எள் எண்ணெய்’ என்றிருக்கும் இடத்தில் நம் நல்லெண்ணெயை ஊற்றலாமா?
– வாசகி, அந்தேரி

பதில்: ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் மணம் வராது. நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள். கொரியா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் மணத்துக்காகச் சேர்ப்பது நன்கு வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய். அது தாளிப்பதற்கு அல்ல, கடைசியில் அரைத் தேக்கரண்டி விடுவதற்கு. ஒரு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, ஒன்றிரண்டாக நுணுக்கி, நல்லெண்ணெயில் குழைத்து மேலே விட்டால் ஏறக்குறைய அந்த மணம் வந்துவிடும்.

கேள்வி: சோயா சாஸ் சுவை எங்கள் வீட்டில் சலித்துவிட்டது. வேறு வகைகள் உண்டா? கிராஃபர்ட் மார்க்கெட் வரை போய்ப் பொருள் வாங்க நேரமில்லை.
– வாசகர், கோரேகாவ்

பதில்: உங்கள் தெருமுனைக் காய்கறிக்காரரே போதும். நாம் கொத்தமல்லிக் கட்டை வாங்கி வந்ததும் வெட்டி எறியும் வேர்தான் தாய்லாந்துச் சமையலின் அடிப்படை. ஐந்தாறு கொத்தமல்லி வேர்களை மண் போகத் தேய்த்துக் கழுவி, ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு ஆகியவற்றோடு இடிகல்லில் இடித்து, 600 கிராம் கோழியில் ஒன்றரை மேசைக்கரண்டி மீன் சாஸோடு தடவி ஒரு மணி நேரம் வைத்துச் சுடுங்கள். தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியின் ‘காய் யாங்’ என்னும் சுட்ட கோழிக்கு இந்த மூன்றும்தான் உயிர். அதற்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது நமக்கு மிகவும் பழகிய சுவை: கெட்டியாகக் கரைத்த புளி, வெல்லம், மிளகாய்த்தூள், மீன் சாஸ், சின்ன வெங்காயம், அவற்றோடு வெறும் வாணலியில் சிவக்க வறுத்துப் பொடித்த அரிசி. அந்த அரிசிப்பொடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புளிக்கரைசலுக்குக் கனமும் வறுத்த மணமும் அதனால்தான் வருகின்றன.

மீன் சாஸ் என்பது நெத்திலி வகை மீனை உப்பிட்டுப் பல மாதங்கள் நொதிக்கவைத்து வடித்த சாறு. கருவாட்டு மணத்துக்குப் பழகிய வீடுகளில் அதை அறிமுகப்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. கல்லில் சுடும்போது எழும் மணம் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் சோயா சாஸும் சிறிது உப்பும் போதும்.

இரண்டாவது, வியட்நாம் பாணி. மும்பையில் புதினாக் கட்டோடு தேநீருக்கென்று விற்கும் ‘கவ்தி சாய்’ என்ற எலுமிச்சைப்புல்லைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் நீண்ட இலைகளாகத்தான் கட்டித் தருவார்கள். அவை நார் மிகுந்தவை, கடிக்க முடியாது. அடித்தண்டோடு வேண்டும் என்று காய்கறிக்காரரிடம் சொல்லிவைத்தால் கொண்டுவந்து கொடுப்பார். தண்டின் வெண்மையான நான்கு அங்குலத்தை மிகப் பொடியாக நறுக்கி, பூண்டு, மீன் சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு தடவி ஊறவைக்கலாம். இவ்வளவு குறைந்த சர்க்கரை கருகாது, ஆனாலும் சுடுமுன் புல் துணுக்குகளை வழித்துவிடுவது நல்லது. இலைகளை முடிச்சிட்டுச் சோறு வேகும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மேலே ஊற்ற, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, மீன் சாஸ் ஒவ்வொரு பங்கும் தண்ணீர் மூன்று பங்கும் கலந்து, பூண்டும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டால் போதும். காரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சிகளாக நறுக்கி வினிகர், சர்க்கரையில் ஊறவைத்துப் பக்கத்தில் வைப்பது அந்நாட்டு வழக்கம். மே மாதப் புழுக்கத்தில் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்தக் கிண்ணம்தான்.

கேள்வி: ஷெஸ்வான் சட்னியை மேலே ஊற்றிக்கொண்டால் என்ன?
– வாசகர், தாராவி

பதில்: தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் அது வேறொரு உணவாகிவிடும். 1975-இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் நெல்சன் வாங் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிக்கன் மஞ்சூரியன் முதல் இன்றைய தெருவோர வண்டி வரை, இந்தோ-சீன உணவுக்கென்று தனி மரபு இந்த ஊரில் இருக்கிறது. அதில் பூண்டும் மிளகாயும் சோளமாவும் முன்னால் நிற்கும். இதில் சுட்ட இறைச்சியின் மணம் முன்னால் நிற்க வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. சோயா சாஸ் சேர்த்த உணவு தரலாமா? அதில் அஜினமோட்டோ இருக்கிறது என்கிறார்களே?
– வாசகி, பாண்டுப்

பதில்: இங்கே கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் பதிலில் சொன்ன அளவில் நான்கு பேருக்கு மூன்று மேசைக்கரண்டிதான் சேர்கிறது. கோழியிலோ சோற்றிலோ தனியாக உப்புச் சேர்க்காமல் இருந்தால் ஒருவருக்கு 700 மில்லிகிராமை ஒட்டி வரும். உங்கள் கணவருக்கு அதையும் பாதியாகக் குறைத்து, எலுமிச்சைச் சாறும் வறுத்த எள்ளும் பச்சை மிளகாயும் கூட்டிக் கொடுங்கள். மேலே ஊற்றும் சாஸை அவருக்கு விட்டுவிடலாம். அன்றைய மற்ற வேளைகளில் அப்பளம், ஊறுகாய் வேண்டாம். சோடியம் குறைத்த சோயா சாஸும் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் பொட்டாசியம் உப்பு சேர்ப்பதுண்டு என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

அஜினமோட்டோவைப் பற்றிய அச்சம் அளவுக்கு மீறியது. 1908-இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டாமேட் என்ற பொருள்தான் அஜினமோட்டோவின் அடிப்படை. அது நன்கு நொதித்த சோயா சாஸிலும் பழுத்த தக்காளியிலும் இயல்பாகவே இருக்கிறது. புட்டியின் சீட்டைப் படித்து, சோயா மொச்சை, கோதுமை, உப்பு, தண்ணீர் என்ற நான்கும் மட்டும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறமூட்டியும் புரதச் சாறும் சேர்த்த மலிவான வகைகளில் உப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: கோழியை மஞ்சள்தூள் போட்டு நான்கு முறை கழுவுவோம். கழுவவே கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். எது சரி?
– வாசகி, தாணே

பதில்: கழுவுவதால் கிருமிகள் சாவதில்லை, சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்றவை தெறிக்கும் தண்ணீரோடு தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்காயிலும் போய் உட்கார்கின்றன. வெள்ளரிக்காயை நாம் பச்சையாகச் சாப்பிடப் போகிறோம் என்பதால் இந்த உணவில் ஆபத்து கூடுதல். கிருமிகளைக் கொல்வது தீயின் சூடு மட்டுமே. கண்ணெதிரே வெட்டித் தரும் கடைக்கோழியில் இரத்தமும் எலும்புத் துகளும் இருக்குமே என்ற உங்கள் சங்கடம் புரிகிறது. அப்படியானால் குழாயடியில் பிடிக்காமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசி, தொட்டியைச் சோப்பால் கழுவிவிடுங்கள். காய்கறிகளை முதலில் நறுக்கி மூடிவைத்துவிட்டுக் கோழியைக் கடைசியில் எடுப்பது இன்னும் நல்லது.

கேள்வி: வீட்டில் ஒருவர் மட்டும் சைவம். அவருக்கென்று தனிச் சமையல் செய்ய முடியவில்லை.
– வாசகி, காட்கோபர்

பதில்: சோறு, சாஸ், வெள்ளரி மூன்றும் பொதுவே. டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் வைத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரை வடித்து, கோழிக்கு முன்பாகவே வேறு தவாவில் சுட்டு, சாஸில் பாதியைத் தனியாக எடுத்து அதில் புரட்டிவிடுங்கள். பனீர் சாஸை உறிஞ்சாது, காளான் உறிஞ்சும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் செய்து வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் எடுத்துப் பயன்படுத்தலாமா? மிச்சத்தை மறுநாள் அலுவலக டப்பாவில் கொண்டுபோகலாமா?
– வாசகர், நெருல்

பதில்: சாஸை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்த வாரம் முழுவதும் தாங்கும். பச்சைக் கோழி குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது; ஆகவே தொடைக்கறியை ஒரு வேளைக்கு ஒன்றாகத் தட்டையான பொட்டலங்களில் கட்டி உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மும்பை வெப்பத்தில் சமையல் மேடையில் வைத்து உருகவிடுவது கூடாது.

சோற்றை நாள்கணக்கில் சேமிக்க வேண்டாம். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடக்கும்போது அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அதில் சிறிது தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டியும் மைக்ரோவேவும் இருந்தால் டப்பா தாராளமாக எடுத்துப் போகலாம். சோறும் கோழியும் ஒரு அடுக்கில், வெள்ளரி வேறு அடுக்கில். அந்த வசதி இல்லாத அலுவலகமாக இருந்தால், இரவில் சமைக்கும்போதே நான்கு பேருக்கு மட்டும் அளந்து சமைத்துவிடுங்கள்.